எட்டுக்கும் ஒன்பதுக்கும் நடுவில்

பத்திரிகை ஆபீசில் அவளைத் தேதியக்கா என்றுதான் கூப்பிடுவார்கள். சொந்தப் பெயர் வருகைப் பதிவேட்டோடு சரி. நாளிதழின் ஆறாம் பக்கத்தில், இடது ஓரத்தில், 'இதே நாளில்' என்று ஒரு பத்தி வரும். அந்தத் தேதியில் உலகத்தில் யார் பிறந்தார், யார் போய்ச் சேர்ந்தார், எந்தப் பாலம் திறந்தது, எந்த ஊர் எரிந்தது, இன்றைக்கு எதற்கான நாள் என்று பத்துப் பன்னிரண்டு வரியில் சொல்லும் பத்தி. இருபது வருஷமாக அதைத் தொகுப்பவள் அவள்தான்.

அவள் மேஜைக்குப் பின்னால் சுவர் முழுக்க ஓர் அலமாரி. அதில் முந்நூற்று அறுபத்தாறு சின்ன இழுப்பறைகள், நாளுக்கு ஒன்று. உள்ளே அட்டைகள். எல்லா இழுப்பறையும் ஒரே அளவுக்கு நிறைந்திருக்கும் என்று நினைத்துவிட வேண்டாம். சில தேதிகளில் உலகமே பேசி வைத்துக்கொண்டு பிறந்து தொலைத்திருக்கும், இழுப்பறை மூடவே மூடாது. சில தேதிகளில் வாய்க்கால் பாலம்கூட ஒன்று திறந்திருக்காது. பிப்ரவரி இருபத்தொன்பதில் அவள் ஊசி நூலும் தலைவலி மாத்திரையும் வைத்திருந்தாள். இத்தனை நாளையும் விரல் நுனியில் வைத்திருப்பவளுக்குத் தன் கல்யாண நாள் மட்டும் வருஷா வருஷம் மறந்துபோகும். வீட்டுக்காரர் அதைச் சொல்லிக்காட்டாத வருஷம் கிடையாது.

அக்டோபர் ஏழாம் தேதி காலையில் அவளைப் பார்க்க ஓர் அம்மாள் வந்தாள். அன்றைய பத்தியில் நிலாவின் மறுபக்கத்தை முதன்முதலாகப் படம் பிடித்த செய்தி வந்திருந்தது. வந்தவளுக்கும் தேதியக்கா வயதுதான் இருக்கும், ஐம்பதைத் தாண்டியவள். தையல்காரி. இஞ்ச் டேப்பைக் கழுத்திலிருந்து எடுக்க மறந்து அப்படியே கிளம்பி வந்திருந்தாள். கையில் ஓர் அழைப்பிதழும், ரப்பர் பேண்டு போட்ட பத்திரிகைக் கத்தரிப்புகளும் இருந்தன.

"இந்த 'இதே நாளில்' நீங்கதான் எழுதறீங்களாம்."

"ஆமாம்மா. உக்காருங்க."

"தப்பா எழுதறீங்க" என்றாள் தையல்காரம்மா, உட்காராமலே.

இருபது வருஷம் அங்கே குப்பை கொட்டியவளுக்கு இது புதிதல்ல. மாதத்துக்கு ஒருவராவது இப்படி வந்து நிற்பார். என் தாத்தாதான் இந்த ஊருக்கு முதல் சைக்கிள் கொண்டுவந்தார், ஏன் போடவில்லை என்பார். தேதியக்கா முகத்தில் ஒரு பொறுமையை வரவழைத்துக்கொண்டு, "எது தப்பு?" என்று கேட்டாள்.

"நூல் மில்லுல பாய்லர் வெடிச்சது. ஒன்பதாம் தேதின்னு வருஷா வருஷம் போடறீங்க. அது நடந்தது எட்டாம் தேதி சாயங்காலம். ஏழு பேர் போனாங்க. அதுல ஒருத்தன் என் தம்பி."

தேதியக்கா பேனாவைக் கீழே வைத்தாள். பிறகு, "எங்க ரெக்கார்டுல ஒன்பதுன்னுதாம்மா இருக்கு. தம்பியோட இறப்புச் சான்றிதழ்ல என்ன போட்டிருக்கு?" என்றாள்.

"பதினொன்னு. ஒடம்ப அடையாளம் கண்டுபிடிச்சுக் குடுக்கவே மூணு நாள் ஆச்சு. குடுத்த தேதியப் போட்டுட்டாங்க."

"அப்ப இத்தனை வருஷம் ஏன் யாரும் வந்து சொல்லல?"

"மில்ல மூடினதும் ஆளாளுக்கு ஒரு பக்கம் போயிட்டாங்க. பத்து வருஷம் ஆச்சுன்னு உங்க பேப்பர்ல முதல் தடவையா வந்துச்சு. அதப் பாத்துத்தான் நகராட்சியில மாலை வைக்க ஆரம்பிச்சாங்க. பழைய மில்லுல ஷிப்டுக்கு ஊதற சங்கையே எடுத்து ஒன்பதாம் தேதி அஞ்சரைக்கு ஊத ஆரம்பிச்சாங்க. ஏதோ ஊரு நினைக்குதே, அதுவே பெருசுன்னு நானும் வாய மூடிக்கிட்டேன். செத்தவனுக்கு ஒருநாள் முன்ன பின்ன ஆனா என்ன? இருக்கறவளுக்குத்தான் ஆகிப்போச்சு."

இப்போதுதான் அவள் உட்கார்ந்தாள். இருக்கிறவள் என்றது அவள் மகளை. மகள் பிறந்தது ஒன்பதாம் தேதி விடியற்காலை. தையல்காரம்மா நிறைமாத வயிற்றோடு மில் வாசலுக்கு ஓடினாள், அங்கேயே வலி கண்டது, யாரோ ஆஸ்பத்திரியில் கொண்டுபோய்ப் போட்டார்கள். அந்தக் குழந்தைக்குப் பத்து வயதானபோது, அவள் பிறந்தநாளில் ஊர் சங்கு ஊதத் தொடங்கியது. இறந்தவரின் அக்கா மகள், அதுவும் அதே நாளில் பிறந்தவள் என்று மாலையைத் தூக்கி அவள் கையில் கொடுத்தார்கள். வருஷா வருஷம் கொடுத்தார்கள். அஞ்சாங்கிளாஸ் பிள்ளைக்கு அன்றைக்கு மிட்டாய் கொடுக்க யாருக்குத் தோன்றும்? படிப்பு முடிந்ததும் வெளியூரில் ஒரு கண்ணாடிக் கடையில் கண் பரிசோதிக்கும் வேலை தேடிக்கொண்டு போனவள், அக்டோபர் மாதத்தில் ஊர்ப் பக்கமே வருவதில்லை.

"இந்த வருஷம் வரா" என்று அழைப்பிதழை மேஜையில் வைத்தாள். இருபத்தைந்தாம் ஆண்டு நினைவுக்கல், திறப்பு ஒன்பதாம் தேதி. 'விபத்து நடந்த அதே நாளில் பிறந்த செல்வி' திரையை விலக்குவார் என்று அச்சடித்திருந்தது. "அவதான் வந்து துணிய விலக்கணுமாம். சரின்னுட்டா. தலையெழுத்துன்னு நினைக்கறா."

"நீங்க அவகிட்ட எட்டாம் தேதின்னு சொல்லலயா?"

"சொல்லாம இருப்பேனா? அந்த ராத்திரி முழுக்க அழுதேம்மா. விடியக்காலம் நாலே கால் மணிக்கு அவ பொறந்தா. துணியில சுத்தி என் பக்கத்துல போட்டாங்க. தம்பியோட மூக்கு, அப்படியே. அதப் பாத்து நான் சிரிச்சேன். நெஜமா சிரிச்சேன், நர்ஸ்கூட என்ன ஒரு மாதிரி பாத்தாங்க. இதச் சொன்னா அவ நம்ப மாட்டேங்கறா. 'தம்பி வெந்து செத்த அன்னிக்கு யாராவது சிரிப்பாங்களாம்மா, என் மனசு நோகக் கூடாதுன்னு கதை கட்டாத'ங்கறா. அன்னிக்கு இல்லடி, நடுவுல ஒரு ராத்திரி இருக்குன்னா, 'பேப்பர்ல போடறாங்க, கல்லுல வெட்டறாங்க, நீ மட்டும் எட்டுங்கற'ன்னு சொல்றா. அவ சான்றிதழ்ல தேதிதான் இருக்கு, மணி இல்ல, அதனால ஒன்பதாம் தேதி ராத்திரி பொறந்தோம்னே நினைக்கறா. தன்னப் பெத்தப்ப அம்மாவுக்கு அழுகை மட்டுந்தான் இருந்துச்சுன்னு இருபத்தஞ்சு வருஷமா நினைச்சுக்கிட்டு இருக்காம்மா என் பொண்ணு."

அவள் அழவில்லை. இஞ்ச் டேப்பின் நுனியைச் சுருட்டுவதும் விடுவதுமாக இருந்தாள்.

"நாளைக்குப் பேப்பர்ல எட்டுன்னு போடுங்க. வேற ஒண்ணும் வேண்டாம்."

"பாத்துட்டுச் சொல்றேன்" என்று தேதியக்கா அவளை அனுப்பிவைத்தாள். அனுப்பிவிட்டு அக்டோபர் ஒன்பதாம் தேதி இழுப்பறையை இழுத்தாள். உலகத் தபால் நாள் அட்டைக்குப் பின்னால் மில் அட்டை இருந்தது. அதிலிருந்தது அவளுடைய கையெழுத்து. வேலைக்குச் சேர்ந்த புதிதில் எழுதிய, உருண்டையான, நல்ல பேர் வாங்கத் துடிக்கும் கையெழுத்து. அட்டையைக் கையில் எடுத்துக்கொண்டு மாடிப்படி ஏறினாள்.

பழைய இதழ்களை மாதவாரியாகக் கட்டி வைத்திருக்கும் அறை மாடியில். அந்த வருஷத்து அக்டோபர் கட்டைத் தூக்கி மேஜையில் போட்டபோது தூசி பறந்து இரண்டு தும்மல் வந்தது. ஒன்பதாம் தேதி இதழ், முதல் பக்கம், கொட்டை எழுத்து. கீழே செய்தி: 'நேற்று மாலை ஐந்தரை மணியளவில் நூல் மில்லில் பாய்லர் வெடித்ததில்...'

நேற்று. அந்தச் சொல்லைப் பார்த்துக்கொண்டே நின்றாள்.

இருபது வருஷத்துக்கு முன் இதே அறையில் உட்கார்ந்துதான் அவள் முதல் அட்டைகளை எழுதினாள். கட்டைப் புரட்டி, பெரிய செய்தி கண்ணில் பட்டதும், பக்கத்தின் உச்சியில் இருக்கும் தேதியை அட்டையில் எழுதிவிட்டு அடுத்ததற்குப் போவாள். இரண்டு வாரம் கழித்து அப்போதைய உதவி ஆசிரியர் எட்டிப் பார்த்து, "ஏம்மா, பேப்பர்ல வர்றது நேத்து நடந்ததுதானே?" என்று கேட்டுவிட்டுச் சிரித்துக்கொண்டே போனார். அவமானமாக இருந்தது. மேஜையில் இருந்த அட்டைகளையெல்லாம் உட்கார்ந்து திருத்தினாள். அதற்கு முன்பே இழுப்பறைகளுக்குள் போய்விட்ட நாற்பது அட்டைகள் இருந்தன. அதை நாளைக்குப் பார்த்துக்கொள்ளலாம் என்று நினைத்தாள். அந்த நாளைதான் இருபது வருஷமாக வரவே இல்லை. மறந்துவிட்டாள் என்று சொன்னால் அது முழு உண்மை ஆகாது. முதல் வருஷம் நன்றாக நினைவிருந்தது, சோம்பல் பட்டாள். மறந்தது அதற்குப் பிறகு.

கட்டைத் தூக்கிக்கொண்டு நேராக ஆசிரியர் அறைக்குப் போனாள். ஆசிரியர் அவளைவிடப் பத்து வயது இளையவர். அவளை அக்கா என்றுதான் கூப்பிடுவார், மரியாதையில் குறை வைக்க மாட்டார், அதே மரியாதையோடு எதையும் தள்ளிப்போடுவார். எல்லாவற்றையும் கேட்டுவிட்டு நெற்றியைத் தேய்த்தார்.

"கல்லு வெட்டியாச்சுக்கா. நம்ம பேப்பர் பேரும் அதுல இருக்கு. நகராட்சித் தலைவர் வரார். இப்பப் போய் தேதி தப்புன்னா, பதினஞ்சு வருஷமா ஊரையே ஏமாத்தினோம்னு ஆகும்."

"ஏமாத்தலதான். தப்புப் பண்ணோம். நான் பண்ணேன்."

"விழா முடியட்டும். பத்தாம் தேதி ஒரு திருத்தம் போடலாம். பதினொன்னாம் பக்கத்துல, சின்னதா."

"அதுக்குள்ள அந்தப் பொண்ணு துணிய விலக்கிடும். கல்லுல இருக்கறதப் படிக்கும்."

"ஒருநாள்தானேக்கா வித்தியாசம்?" என்றார் ஆசிரியர்.

நாளைத் தவிர வேறெதுவும் கையாளாத ஒருத்தியிடம் சொல்லக்கூடாத வார்த்தை அது. ஆனால் அவளுக்குக் கோபம் வரவில்லை, வெட்கந்தான் வந்தது. இதே சமாதானத்தை இருபது வருஷத்துக்கு முன்பு அவளே தனக்குச் சொல்லிக்கொண்டவள் ஆயிற்றே. "சரி" என்று சொல்லிவிட்டு வந்துவிட்டாள். எதற்குச் சரி என்று அவர் கேட்கவில்லை, அவளும் சொல்லவில்லை.

மத்தியானம் வழக்கம்போல வீட்டுக்காரர் போன் செய்தார். பள்ளிக்கூட ஆய்வகத்தில் உதவியாளராக இருந்து ஓய்வு பெற்றவர். சாப்பிட்டாயா என்று கேட்பதற்காகத் தினமும் ஒரு மணிக்குக் கூப்பிடுவார்.

"இறங்கல" என்றாள். விஷயத்தைச் சொன்னாள்.

அவர் கொஞ்சம் யோசித்துவிட்டு, "நம்ம கல்யாண நாள நீ மறக்கறப்ப எனக்குக் கோவம் வருமில்ல?" என்றார்.

"இப்ப அதுவா முக்கியம்?"

"கேளு. மறந்தா நான் ரெண்டு திட்டு திட்டுவேன், நீ அசடு வழிவ, முடிஞ்சுபோச்சு. ஆனா அன்னிக்கு நமக்குக் கல்யாணமே ஆகல, வேற ஏதோ எழவு வீடுன்னு ஊரே சொன்னா எனக்கு எப்படி இருக்கும்? போட்டுடு. திட்டினா வாங்கிக்க. நீ வாங்காத திட்டா?"

ஆறாம் பக்கம் மாலை நான்கு மணிக்கு முடிந்துவிடும். அதை அவளைத் தவிர யாரும் வரி வரியாகப் படிப்பதில்லை, அதுவும் அவளுக்குத் தெரியும். மூன்றரைக்கு எட்டாம் தேதிப் பத்தியை எழுதினாள். இடம் போதவில்லை என்று சிகாகோ நகரம் எரிந்ததை எடுத்தாள். அது அடுத்த வருஷம்வரை காத்திருக்கும்.

'இதே நாளில், இருபத்தைந்து ஆண்டுகளுக்கு முன், மாலை ஐந்தரை மணிக்கு நூல் மில்லில் பாய்லர் வெடித்து ஏழு பேர் இறந்தனர். இது ஒன்பதாம் தேதி நடந்ததாக இந்தப் பத்தி பதினைந்து ஆண்டுகளாகத் தவறாகச் சொல்லிவந்தது. செய்தி வெளியான தேதியை, சம்பவம் நடந்த தேதியாக அட்டையில் எழுதிவிட்டவர் இந்தப் பத்தியின் தொகுப்பாளர். ஒன்பதாம் தேதி அந்த மில்லில் ஒருவரும் இறக்கவில்லை.'

அன்று விடியற்காலை ஒரு பெண் குழந்தை பிறந்தது என்று இன்னொரு வரி எழுதினாள். பிறகு அடித்துவிட்டாள். அது அவர்கள் வீட்டு நாள், ஊருக்கு எதற்கு?

எட்டாம் தேதி காலை ஒன்பது மணிக்கெல்லாம் ஆசிரியர் பேப்பரைச் சுருட்டிப் பிடித்துக்கொண்டு அவள் மேஜைக்கு வந்தார். அவர் தன் அறையை விட்டு இறங்கி வருவதே அபூர்வம்.

"என்ன பண்ணி வச்சிருக்கீங்க? தலைவர் வீட்டுலேர்ந்து மூணு போன் வந்தாச்சு. நான் சரின்னு சொன்னேனா?"

"நான்தான் சரின்னேன்."

"இன்னும் எத்தனை அட்டை இப்படி இருக்கு?"

"நாப்பது இருக்கும். எதுன்னு தெரியாது. மொத்தத்தையும் பாக்கணும்."

"பாத்து முடிக்கிற வரைக்கும் உங்க பத்தி வராது. நாளையிலேர்ந்து அந்த இடத்துல குறுக்கெழுத்துப் போட்டி."

"சரி."

அவள் மல்லுக்கு நிற்பாள் என்று வந்தவருக்கு அது சப்பென்று ஆகிவிட்டது. "வருத்தமில்லையா அக்கா?" என்றார்.

"இருக்கு. ஆனா நான் உங்க இடத்துல இருந்தா இதுக்கு மேலயே பண்ணியிருப்பேன்" என்றாள். இருபது வருஷத்தில் காய்ச்சல் வந்த நாளில்கூட நின்றதில்லை அந்தப் பத்தி.

சாயங்காலம் பழைய மில் வாசலுக்குப் போனாள். யாரும் கூப்பிடாமலே ஐம்பது அறுபது பேர் வந்திருந்தார்கள். இன்றைக்குத்தான் என்று பேப்பர் சொன்னால் வராமல் எப்படி இருப்பது? நகராட்சித் தலைவரும் மூச்சிரைக்க வந்துவிட்டார், தான் இல்லாமல் ஊர் நினைவுகூர்ந்துவிடுமோ என்ற பயத்தில். திரை போட்ட கல்லுக்கு முன்னால் கல் தச்சர் குந்தி உட்கார்ந்து, துணியைத் தூக்கிவிட்டுக்கொண்டு தட்டிக்கொண்டிருந்தார். தலைவரின் அவசர உத்தரவு.

"முடியுமாங்க?" என்று தேதியக்கா கவலையோடு கேட்டாள்.

"நல்ல வேளை, ஒன்பத எட்டாக்கச் சொல்றாங்க" என்றார் அவர், நிமிராமலே. "கீழ் வளைவ இழுத்து மூடினா ஆச்சு. எட்ட ஒன்பதாக்கச் சொல்லியிருந்தா நான் எந்திரிச்சுப் போயிருப்பேன். வெட்டினத திருப்பி ஒட்ட வைக்க யாரால ஆகும்?"

ஐந்தரைக்குச் சங்கு ஊதியது. எல்லோரும் தலை குனிந்தார்கள். தையல்காரம்மா முன் வரிசையில் நின்றாள், இன்றைக்குக் கழுத்தில் டேப் இல்லை. ஒரு முதியவர் திரையை விலக்கினார். அவரும் அன்றைக்கு ஒரு மகனைப் பறிகொடுத்தவர். கூட்டத்துக்கு வெளியே, தோளில் பயணப் பையோடு, ஓர் இளம்பெண் மடித்த பேப்பரைக் கையில் வைத்துக்கொண்டு கல்லையே பார்த்துக்கொண்டிருந்தாள். மாலையை யாரும் அவளிடம் கொடுக்கவில்லை. அந்த மூக்கைப் பார்த்ததுமே அவள் யாரென்று தேதியக்காவுக்குப் புரிந்துவிட்டது, அந்தத் தம்பியைப் பார்த்திராதபோதும்.

மறுநாள் ஆறாம் பக்கத்தில் குறுக்கெழுத்துப் போட்டி வந்தது. பதினைந்து வருஷத்தில் முதன்முறையாக, அக்டோபர் ஒன்பதில் அந்த ஊரில் எதுவுமே நடந்திருக்கவில்லை. தேதியக்கா ஜனவரி ஒன்றாம் தேதி இழுப்பறையைத் திறந்து முதல் அட்டையை எடுத்து வைத்துக்கொண்டபோது, மேஜைக்கு முன் நிழல் விழுந்தது. பயணப் பை இல்லாமல் அதே பெண் நின்றிருந்தாள்.

"மேடம், அந்தப் பழைய பேப்பர நான் பாக்கலாமா?"

"நேத்துப் போட்டிருந்தோமேம்மா. கல்லுலயும் திருத்தியாச்சு."

"அதுவும் நீங்க எழுதினதுதானே" என்றாள். குத்தலாகச் சொல்லவில்லை. கண்ணாடிக் கடையில் ஒவ்வொரு கண்ணாக மூடிப் பார்க்கச் சொல்பவள், தன் கண்ணால் பார்க்க விரும்பினாள், அவ்வளவுதான். "அம்மா உங்ககிட்ட வந்து அழுது மாத்திட்டாங்களோன்னு ஒரு சந்தேகம். என் அம்மா எனக்காக எதையும் பண்ணுவாங்க."

தேதியக்கா அவளை மாடிக்குக் கூட்டிக்கொண்டு போனாள். கட்டு மேஜையில்தான் இருந்தது. ஒன்பதாம் தேதி இதழைத் திறந்து வைத்துவிட்டு, எந்த இடம் என்றுகூடக் காட்டாமல் ஜன்னல் பக்கம் ஒதுங்கி நின்றாள். அந்தப் பெண் குனிந்து தலைப்பைப் படித்தாள், பக்கத்தின் உச்சியில் இருந்த தேதியைப் படித்தாள், பிறகு செய்தியின் முதல் வரிக்கு வந்தாள். விரலை 'நேற்று' என்ற சொல்லின் மேல் வைத்தாள். வைத்த விரலை எடுக்கவில்லை.

"இது காலையில வந்த பேப்பரா?"

"ஆமா. அஞ்சு மணிக்கெல்லாம் வந்திருக்கும்."

"நான் நாலே காலுக்கு" என்றாள் மெதுவாக. தனக்குத்தானே கணக்குப் போட்டுக்கொள்வது போலிருந்தது.

பக்கத்தில் கிடந்த ஸ்டூலை இழுத்து உட்கார்ந்தாள். ஒரு கை இன்னும் பேப்பரின் மேல் இருந்தது. மற்றக் கையால் போனை எடுத்தாள். தேதியக்கா வெளியே போகத் திரும்பினாள், ஆனால் கதவு வரைக்கும்கூடப் போகவில்லை, அதற்குள் அந்தப் பக்கம் எடுத்துவிட்டார்கள்.

"அம்மா, நான்தான். ஒண்ணும் இல்ல. நல்லாத்தான் இருக்கேன்" என்றாள் அந்தப் பெண். குரல் உடைந்து சின்னப் பிள்ளைக் குரலாகியிருந்தது. "நான் பொறந்தப்ப என்னப் பாத்து சிரிச்சேன்னு சொல்லுவியே. அத இன்னொரு தடவ சொல்லும்மா."